கவிழ்த்த பானை

ராஜபாளையத்துக் கோழித்தீவனக் கடையில் உலர்ந்த புழுக்களைப் பாக்கெட்டில் விற்றார்கள். மோந்து பார்த்ததும் அந்த மக்கிய வாடை என்னைச் சேத்தூரில் எங்கள் கொல்லைப் புற்றடிக்குக் கொண்டுபோய்விட்டது. பழைய பானையில் வைக்கோலும் சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் அம்மா அதைப் புற்றின்மேல் கவிழ்த்து வைப்பாள். விடியும்போது கரையான் ஏறி வைக்கோலே நெளியும், அவள் பானையைத் தரையில் தட்டும் சத்தத்துக்குக் குஞ்சுகள் தாய்க்கோழியை விட்டு ஓடிவந்து கொத்தும். "ஏட்டி, வெயில் ஏறுமுன்ன தூக்கு, பொறவு அம்புட்டும் மண்ணுக்குள்ள போயிரும்" என்பாள்.

கரையான் இருக்கப் புழுவை யார் வாங்குவார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அதே கொல்லையில், நான் கட்டிய வீட்டின் பின்னால், இப்போது வளர்க்கும் குஞ்சுகளுக்காக ஒரு பானையைக் கவிழ்த்தேன். மூன்று நாள் கழித்துத் தூக்கியபோதும் வைக்கோல் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு கரையான் இல்லை, எறும்புகூட இல்லை. எதுவுமே ஊராத மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

குஞ்சுகள் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா பின்வாசலில் நின்று சொன்னாள்: "அஸ்திவாரம் போடயில கரையான் மருந்து ஊத்தச் சொன்னவளே நீதானேட்டி. போ, அந்தப் பாக்கெட்டையே வாங்கிட்டு வா."