சுறா எண்ணெய்க் கருப்பு

கார் வைத்திருப்பவர்கள் அதன் மேல்பக்கத்தைப் பார்த்துத்தான் பெருமைப்படுவார்கள். எங்கள் ராயபுரத்துக் கார் பட்டறைக்கு வந்த கீழ்ப்பாக்கத்து வக்கீல் மட்டும் தரையில் மண்டி போட்டு, டார்ச் அடித்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிற ஆள். சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிப் போன வெள்ளைக்காரன் ஒருவனிடம் வாங்கிய கார் அது. உப்புக் காற்றுக்குப் பயந்து யாரோ ஸ்பிரிங் பட்டைகளின் மேல் தாரை அப்பி வைத்திருந்தார்கள். சீமையிலிருந்து வந்து இறங்கிய அன்று அடியில் என்ன நிறம் இருந்ததோ, அதே நிறம் வேண்டும் என்றார் வக்கீல்.

"இந்த வண்டிய மட்டும் சரியா முடிச்சுக் குடுத்துடு. அப்பால நீதான் மேஸ்திரி," என்றார் முதலாளி. பழைய மேஸ்திரி எண்ணூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மேஸ்திரி ஆகிவிட்டால் என் பெண்சாதியின் தலையிலிருந்து மீன்கூடையை இறக்கிவிடலாம். கூடை அவளுக்குப் பாரம் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது. இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்பவள் அவள். போகிற வழியில்தான் எங்கள் பட்டறை வாசல். ஒருநாள் கார்க்காரர்கள் நின்றிருந்த நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அன்றைக்கே வீட்டில் சொன்னேன்: "இனிமே வாசல் பக்கம் தலகாட்டாத. ரயில் கேட்டு வழியா சுத்திக்கினு போ." அவள் "சரிய்யா" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தலையில் கூடையோடு வெயிலில் அரை மைல் கூடுதல் நடை.

மண்ணெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் போட்டுத் தாரைச் சுரண்டி எடுப்பதற்குள் என் விரல் நுனியெல்லாம் உரிந்துவிட்டது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கவ்விக்கு அடியில், தாரும் துருவும் எட்டாத இடத்தில், விரல் அகலத்துக்குப் பழைய கருப்பு அப்படியே இருந்தது. பெயிண்டின் பளபளப்பு அதில் இல்லை. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த தோசைக்கல்லின் கருப்பு அது. கடையில் கிடைத்த கருப்புப் பெயிண்ட்டையெல்லாம் பூசிப் பார்த்தேன். எதுவும் கிட்டவே வரவில்லை.

வழி சொன்னவள் என் பெண்சாதிதான். "இன்னாய்யா, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு குந்திகினு கீற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இம்மாம் பேஜாரு? படகுக்குப் பூசற சொறா எண்ணெ கீதே. வெளக்குக் கரிய அதுல கொழச்சுத் தடவி, அனல்ல காட்டிப் பாரேன்."

தகரத்தில் ஒரு பெட்டி அடித்து, எண்ணெய் பூசிய பட்டைகளை அதற்குள் தொங்கவிட்டு, கரியடுப்பின் இளஞ்சூட்டில் நாள் முழுக்க வைத்தேன். சூடு மிஞ்சினால் எஃகின் பதம் போய்ப் பட்டை தொய்ந்துவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பார்த்தால் கவ்விக்கு அடியில் இருந்த அதே கருப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பட்டறைக்கு வருமுன் படகின் பலகை இடுக்குகளில் எண்ணெய் ஊற்றியே பழகிய கை சும்மா இருக்குமா? உள்ளே துரு ஏறக்கூடாது என்று பட்டைகளுக்கு நடுவிலும் அனலில் காட்டாத பச்சை எண்ணெயைத் தாராளமாக விட்டு, சேர்த்துக் கட்டி, வண்டியில் மாட்டினேன்.

வக்கீல் குனிந்து டார்ச் அடித்தார். "இதுதான்யா! இதேதான்!" என்றார். முதலாளி என் தோளில் கை போட்டார். அன்று வீட்டுக்குப் போய், "அடுத்த மாசம் கூடையக் கடாசிடு," என்றேன். அவள் நம்பாதவள் போலச் சிரித்தாள். ஆனால் மறுநாள் பார்த்தேன், கூடைக்கு அடியில் தலைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணியைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். வேறு ஏதோ பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் கார் திரும்பி வந்தது. வக்கீல் இறங்கும்போதே கத்தினார். வெயிலில் எண்ணெய் கசிந்து மீன்வாடை குடலைப் பிடுங்குகிறதாம். சைவ வீட்டு வாசலில் தெருப் பூனைகளெல்லாம் கூடி, காருக்கு அடியில் புகுந்து ஸ்பிரிங்கை நக்குகின்றனவாம். அவர் சம்சாரம் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாராம். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் ஏழு பேர் அந்த வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருந்தோம். ஒருவன் மூக்குக்கும் வாடை தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் இழுத்த மூச்சே அதுதானே. முதலாளியும் ராயபுரத்தில் பிறந்தவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வக்கீலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீங்காரப் பசங்கள வேலைக்கு வச்சா இப்டித்தான் ஆவுது சார்," என்றார்.

நான் பூசியதை நானே காஸ்டிக் சோடா போட்டு உரித்தேன். கடைப் பெயிண்ட்டை அடித்துக் கொடுத்தோம். அது புதுச் செருப்பு மாதிரி மின்னியது. வக்கீல் இந்தத் தடவை மண்டி போடவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சீமை நிறமெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. வெளியிலிருந்து ஒருவன் மேஸ்திரியாக வந்தான். "கார்க்காரங்க வர்ற நேரத்துல நீ முன்வாசல்ல தலகாட்டாத. பின்னால சுத்திக்கினு வா," என்று முதலாளி எனக்குச் சொன்னார். அந்த வார்த்தைகளை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய், "உன் எண்ணெயாலதாண்டி எல்லாம் போச்சு, நாத்தம் புடிச்சவளே," என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து சும்மாட்டுத் துணியை எடுத்து உதறினாள்.

பட்டறையின் பின்வாசல் ரயில் கேட்டுத் தெருவில் இருந்தது. தினமும் காலையில் நான் அதில் நுழைகிற நேரத்தில் அவள் கூடையோடு என்னைக் கடந்து போவாள். அந்தத் தெருவில் சிரிக்கக்கூடாது என்று நான் சொன்னதே இல்லை. அவள் சிரிக்கவில்லை.