மேடம் வாசித்த கேள்வித்தாள்

எழுத்துகள் என் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. கம்பெனியில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையைக்கூட மண்டையோட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். என் பெண்ணுக்கும் அப்படித்தான் என்று அவள் பள்ளியில் சோதித்துச் சொன்னார்கள். இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் உண்டு, தேர்வில் உதவி கேட்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை, பயிற்சி வகுப்பு என்று சொன்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். லீவு போட்டுவிடுவேன்.

இந்த முறை காய்ச்சல் வரவில்லை. பூந்தமல்லியில் பாதுகாப்புப் பயிற்சி. தேறினால் அம்பத்தூர் ஆலையில் நான் லைன் லீடர், இல்லாவிட்டால் பழையபடி பிரஸ் மெஷின்தான். எச்.ஆர். அறைக்குப் போய், "கேள்வியை யாராவது வாசிச்சுக் காட்டணும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும் சார்" என்றேன். அவர் நல்ல மனிதர், "மாற்றுத்திறனாளி ஒருத்தர் வர்றாங்க" என்று உடனே பயிற்சி மையத்துக்குப் போன் போட்டார்.

போய்ப் பார்த்தால், வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். கதவோரம் எனக்கென்று மெத்தை வைத்த நாற்காலி. காலுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்லம்மா, உக்காருங்க" என்று பயிற்சியாளர் என்னிடம் மட்டும் சத்தமாகப் பேசினார். உட்கார்ந்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது.

தேர்வன்று தனி அறை கொடுத்தார்கள். கேள்வி வாசிக்க ஒரு மேடம் வந்தார். மின்சாரத் தீயை எதைக் கொண்டு அணைப்பது? "தண்ணீர்" என்று முணுமுணுத்தார். "நுரை" என்று இன்னும் மெல்ல முணுமுணுத்தார். "கார்பன் டை ஆக்சைடு!" என்று கல்யாண மண்டப மைக்கில் பேசுவதுபோலச் சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். அடுத்த கேள்விக்கும் அதே புருவம்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பை போனில் பதிவு செய்து, சமைக்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றியிருந்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல இருந்தது.

"மேடம், எல்லா விடையையும் ஒரே மாதிரி வாசிங்க."

"உங்க நல்லதுக்குத்தானே பண்றேன்?"

"வாசிக்கத்தான் ஆள் கேட்டேன் மேடம். பதில் நான் சொல்லிக்கிறேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு ரயில்நிலைய அறிவிப்பு மாதிரி வாசித்தார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

தேறிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் தப்பு.

மறுநாள் கேன்டீனில், என்னோடு பிரஸ் ஓட்டும் பெண் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இன்னாக்கா, மேடம் பக்கத்துலயே குந்திகினு பதில் சொல்லிக் குடுத்தாங்களாமே?" பக்கத்து மேஜையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பையிலிருந்து விடைத்தாளை எடுத்து, சிவப்பு மையில் சுழித்திருந்த அந்த ஒன்றைக் காட்டினேன். "சொல்லிக் குடுத்திருந்தா இது எப்பிடிடி தப்பாவும்?"

அவள் உற்றுப் பார்த்தாள். "ஆமாக்கா" என்றாள்.

சான்றிதழைக்கூட நான் யாரிடமும் அத்தனை பெருமையாக நீட்டியதில்லை. அது முழுக்க முழுக்க நானே போட்ட தப்பு.