அத்தர்க் கடைக்காரர் வீட்டுக் கடுவன்

தென்காசியில் அத்தர் விற்ற துல்கர்னைன் தெருமுனையில் திரும்பினாலே போதும், ஆள் தெரிவதற்கு முன்னால் வாசனை வந்து சேர்ந்துவிடும். ஊர்க்காரர்கள் அவருக்கு 'மணக்கிற சாயபு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் ஏக சந்தோஷம். காதுமடலுக்குள் அத்தர் தோய்த்த பஞ்சு, சட்டையில் ஜவ்வாது, கைக்குட்டையில் பன்னீர். தூங்கப் போகும்போதும் அவர் அப்படித்தான் போனார்.

கண்ணைக் கட்டிவிட்டு எந்தச் சரக்கை நீட்டினாலும் அது எந்த ஊர்ச் சரக்கு, எதில் என்ன கலப்படம் என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பேர்ப்பட்ட மூக்கையும் ஏமாற்றிய ஒரு சங்கதி அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு பூனை.

பூனையின் பெயர் செம்பன். செந்நிற ஆண்பூனை, கடுவன். கண் திறக்காத குட்டியாக மழைநீரில் கிடந்ததை எடுத்துவந்து, பஞ்சுத் திரியில் பாலை நனைத்து நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவர் மனைவி ஜாஹிரா பீவி. குழந்தை இல்லாத வீடு. இரண்டு வருஷமாக அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான். பகலெல்லாம் அடுப்படியில் அவள் சொல்கிற ஊர்க்கதை முழுவதையும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கேட்கும்.

சுத்தத்திலும் செம்பன் குறை வைத்ததில்லை. செங்கோட்டையிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து, சிற்றாற்று மணலை நிரப்பிப் பின்கட்டில் வைத்திருந்தாள் ஜாஹிரா. காரியம் எல்லாம் அந்த மணலில்தான். முடித்ததும் தோண்டி மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரலில் எல்லாம் தலைகீழானது. ஒருநாள் செம்பன் துல்கர்னைனின் சட்டை தொங்கும் சுவரில் மூத்திரம் பெய்தது. மறுநாள் அவருடைய செருப்பில். அதற்கும் மறுநாள், பத்தமடையிலிருந்து வாங்கிவந்த தொழுகைப் பாயில். பூனை மடியில் ஏறலாம், தட்டை முகரலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதன் மூத்திரம் பட்ட இடத்தில் தொழ முடியாது. ஜாஹிரா பாயைக் கழுவினாள். சாரல் காலத்தில் கழுவிய பாய் எங்கே காய்கிறது? அது அரைகுறையாகக் காய்ந்து வருவதற்குள் செம்பன் அடுத்த தடவையை முடித்திருக்கும்.

துல்கர்னைன் சும்மா இருக்கவில்லை. மணலை மாற்றினார். ஈரமணல் அதற்குப் பிடிக்கவில்லையோ என்று இரும்புச் சட்டியில் மணலை வறுத்துக்கூடப் போட்டுப் பார்த்தார். பெட்டியை அடுப்படிக்கு மாற்றினார், அங்கிருந்து நடைக்கு மாற்றினார். தன் தொழிலுக்கேற்ற வைத்தியம் ஒன்றும் அவரிடம் இருந்தது. பூனை பெய்த இடத்தை ஜாஹிரா கழுவிவிட்டதும், அந்த நாற்றம் போகட்டும் என்று தன் சரக்கிலேயே உயர்ந்ததை எடுத்து அங்கே ஒரு விரல் தடவிவைப்பார். அந்த இடம் கமகமவென்று மணக்கும். சாயங்காலம் செம்பன் சரியாக அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜாஹிராவே சொன்னாள். அவளுடைய அண்ணன் முகம்மது கனி வெள்ளிக்கிழமை நெல் லாரியில் செங்கோட்டைக்குப் போகிறான், அங்கே அரிசி ஆலையில் பூனையை விட்டுவிட்டு வரட்டும், ஆலையில் எலிக்குப் பஞ்சமில்லை என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். அன்றைக்குச் சாளை மீன் குழம்பில் இருந்த பெரிய துண்டு முழுவதும் செம்பனுக்குத்தான் போயிற்று. பூனை போனால் இவள் என்ன ஆவாள் என்று துல்கர்னைனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கு இரண்டே நாள் இருந்தது. அச்சன்புதூரில் அய்யாக்குட்டி என்றொரு மாட்டு வைத்தியர் இருந்தார். மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரைப் பூனைக்குக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல்தான். ஆனாலும் துல்கர்னைன் போய்க் கூப்பிட்டார், அவரும் சிரிக்காமல் வந்தார். பூனையின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். மூத்திரத்தில் ரத்தம் வருகிறதா, முக்குகிறதா, கத்துகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. பிறகு ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, செம்பன் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது சுவர் ஓரமாகப் போய், திரும்பி நின்று, வாலை நிமிர்த்தி நடுக்கிப் பீய்ச்சியது.

"இது சீக்கு இல்ல, சாயபு. எல்லை போடுது. ஒங்க வீட்டுக்குள்ள இன்னொரு கடுவன் வந்து போவுது."

வேறு பூனை எதுவும் வருவதில்லை என்று ஜாஹிரா அடித்துச் சொன்னாள். அப்படியானால் எங்கெங்கே பெய்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார் வைத்தியர். சட்டைச் சுவர், செருப்பு, தொழுகைப் பாய், துல்கர்னைனின் தகரப் பெட்டி. ஜாஹிராவின் சேலையில் ஒரு தடவையாவது உண்டா என்றார். இல்லை. அடுப்படியில்? அங்கேயும் இல்லை. அய்யாக்குட்டி தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சின்னச் சின்ன டப்பாக்களில் புனுகு இருந்தது.

அந்த வருஷம்தான் துல்கர்னைன் புனுகு வியாபாரத்தில் இறங்கியிருந்தார். கோயில் அபிஷேகத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தது. மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து செங்கோட்டை வழியாகப் புதுச்சரக்கு வரவழைத்து, குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்தார். கையால் எடுத்துக் கையால் நிறுத்து, அந்தக் கையோடு வீட்டுக்கு வருவார். பூனை பெய்த இடத்தில் தினமும் அவர் தடவிய உயர்ந்த சரக்கும் இந்தப் புனுகுதான்.

வைத்தியர் ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

"புனுகுப் பூனையில" என்றார் துல்கர்னைன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது. பதினைந்து நாளாகச் செம்பனின் வீட்டுக்குள் சாயங்காலம்தோறும் நுழைந்து, அது எல்லை போட்ட இடத்தில் எல்லாம் எதிர் எல்லை போட்ட கடுவன் வேறு யாருமில்லை, அவரேதான். ஜாஹிரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். வெட்கத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அன்றைக்கே தகரப் பெட்டி குற்றாலத்துக் கடைக்குப் போய்விட்டது. செருப்பு குப்பைக்குப் போயிற்று. சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள், பாயைப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தார்கள். மறுநாள் வியாழக்கிழமை கடையை அடைத்ததும் துல்கர்னைன் நேரே ஐந்தருவிக்குப் போனார். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தண்ணீருக்கு அடியில் முக்கால் மணி நேரம் நின்றார். காதில் இருந்த பஞ்சையும் பிடுங்கி எறிந்தார். வெளுத்துவந்த வேட்டி சட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது, உடுத்த மறந்துவிட்டு வந்தவரைப் போல அவருக்குக் கூச்சமாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் அவரைக் கவனிக்காமலே தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்குள் நுழைந்து அசையாமல் நின்றார். செம்பன் வந்தது. பாதத்தை முகர்ந்தது. அவர் குனிந்து கையை நீட்ட, விரல் விரலாக முகர்ந்து பார்த்தது. பிறகு நெற்றியை அவர் முழங்காலில் ஒரு தடவை தேய்த்துவிட்டு, சாவகாசமாகப் பின்கட்டுக்குப் போய்த் தேயிலைப் பெட்டியில் ஏறியது. மணலைத் தோண்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத் தன் வாழ்நாளில் இப்படி அவர் காத்துக் கிடந்ததில்லை.

லாரி வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார் அவர். ஜாஹிரா சோற்றை எடுத்துவைத்தாள். வழக்கமாக ஒரு கை தள்ளி உட்காருகிறவள், அன்று பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லுவேன், நீங்க வருத்தப்படப்பிடாது" என்றாள். "எனக்கும் அது ஒத்துக்காது. புனுகு மட்டுமில்ல, அத்தர், ஜவ்வாது எதுவும். கல்யாணத்தன்னைக்கே தலைவலி வந்திட்டு."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று கேட்டார். ஊரே புகழ்கிற வாசனை, சோறு போடுகிற வாசனை, அதை நான் எப்படிக் குறை சொல்வது என்றாள் அவள். செம்பனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை, சொல்லிவிட்டது என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

எந்த ஊர்ச் சரக்கையும் முகர்ந்து சொல்கிற மூக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளின் தலைவலியை அறியவில்லை. இனிமேல் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்றார். பிறகு, சின்னப் பிள்ளைபோல, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஜாஹிரா அவர் தோளில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

"இப்பத்தான் ஒங்க வாசனை வருது" என்றாள்.