'முடியாது' சொல்லக் கூடாத சீசன்

மாம்பழ சீசன் தலைக்கு மேல் வந்து நிற்கும்போதுதான் எங்களைத் திருப்பதிக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனிக்குத் தோன்றியது. சித்தூருக்கு வெளியே இருக்கும் பழக்கூழ் ஆலை எங்களுடையது. லாரியிலும் டிராக்டரிலும் வரும் பழத்தை எடை போட்டு இறக்கிக்கொள்ளும் பிரிவுக்கு நான் பொறுப்பு. பாய்லரைக் கழற்றிப் பார்க்க ஆள் வரவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வாரத்தில், ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டமாக நின்று, கண்ணுக்குத் தெரியாத பந்தை ஒருவருக்கொருவர் எறிந்துகொண்டிருந்தோம்.

பயிற்சி கொடுத்தவர் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர். ஒத்திகை இல்லாமல் மேடையில் நடிப்பவர்களின் வித்தையை ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி என்பது பாடம். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் 'ஆமாம்' என்று ஏற்றுக்கொண்டு, 'அதோடு' என்று நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். என்னை எங்கள் மேனேஜரோடு ஜோடி சேர்த்தார்.

"நாம ரெண்டு பேரும் படகுல போறோம்" என்றார் மேனேஜர்.

"பாய்லர் ஆளு வந்தாச்சா சார்?" என்றேன்.

பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். நான் கதையைத் தடுத்துவிட்டேனாம்; அப்படிச் செய்கிறவருக்கு 'தடுப்பவர்' என்று பெயராம். மேனேஜர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பற்றிச் சொல்ல வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அவருக்கு அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

சித்தூர் திரும்பியதும் ஆலையில் 'முடியாது' என்ற சொல்லுக்குத் தடை விழுந்தது.

"சார், இதுக்கு மேல லாரி உள்ள விட்டா தாங்காது."

"அலா காது மேடம், அப்படி இல்ல. ஆமான்னு ஆரம்பிங்க."

"ஆமா சார், இன்னும் லாரி விடலாம். அதோட, எல்லாப் பழமும் வெயில்ல அழுவிப் போவும்."

"சூப்பர்! இப்ப எவ்ளோ பாசிட்டிவா இருக்கு பாத்தீங்களா?"

லாரிகளை உள்ளே விட்டார்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது பாய்லர் நின்றுபோனது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் டிராக்டர்கள். விவசாயிகள் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "கூப்பிடுங்க, நானே பேசறேன். கத்துக்கிட்டதை இங்கதான் காட்டணும்" என்றார் மேனேஜர். எடைமேடை பக்கத்தில் எல்லோரையும் கூட்டினோம். அவர் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் வட்டமா நில்லுங்க. இது ஒரு பந்து. பிடிக்கறவங்க மனசுல இருக்கறத சொல்லலாம்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றிருந்தார். "பந்து இன்னா சார் பந்து? நேத்து சாய்ந்தரத்துல இருந்து டிராக்டர் மேலயே குந்தினு கீறோம். ஒரு வாய் சோறு துன்னல" என்றார். கூட்டம் மொத்தமாகக் குரல் எழுப்பியது. மேனேஜருக்கு போன் வந்தது. வந்ததாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

என்னிடம் வழக்கமான பதில் தயாராக இருந்தது. "மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்" என்றேன்.

"சும்மா சொல்லாதம்மா. அது எப்போ ஓடும்னு உனக்கே தெரியாது" என்றார் அதே அம்மா.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. "ஆமாக்கா, தெரியாது" என்றேன். அதோடு சேர்க்க என்னிடம் ஒன்றுமே இல்லை. "இப்ப இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கேட்ட பிறகு சும்மா இருப்பது என்னைப் போன்றவளுக்குப் பெரிய தண்டனை. நடுவில் புகுந்து ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது.

கடைசியில் ஒருவர், "காய்வெட்டா கீறது நாளைக்கும் தாங்கும். பழுத்தத மொதல்ல எறக்கணும்" என்றார்.

"எறக்கி எங்க வெப்ப? வெயில்லயா?" என்றார் இன்னொருவர்.

"அதோ, அங்க நெழல் கீதே" என்று அந்த அம்மா ஆபீசர்களின் கார் ஷெட்டைக் காட்டினார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். டிரைவர்கள் கார்களை வெளியே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கார் ஷெட் முழுக்க கிளிமூக்கு மாம்பழம்.

மேனேஜர் ஓடி வந்தார். "என் காரை யாரு வெயில்ல விட்டது?"

"நான்தான் சார்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டா முடியாதுன்னு நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும் சார்."

அவர் காருக்கு நிழல் தேடிப் போனார்.

பாய்லர் இருட்டிய பிறகுதான் ஓடியது. எல்லாப் பழமும் பிழைக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "நேத்து எங்கள பேச வுட்ட, சரி. என் டிராக்டர்ல அடியில இருந்ததெல்லாம் நசுங்கி தண்ணியா ஊத்துது. அத யார் கிட்ட பேசறது?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது, அவர் மேல் இல்லை. நேராக மேனேஜர் அறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஆமாம்மா, அதோட..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"நீ கொஞ்சம் சும்மா இரு நைனா, நான் சொல்லி முடிக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் சும்மா இருந்தார். அவர் ஒருவர் பேச்சை முடிவு வரை கேட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாவின் அடுத்த லோடு வரிசையில் நிற்காமல் உள்ளே வரட்டும் என்றார். போன பழத்துக்கு அது ஈடாகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா எழுந்தார். அந்த வாரமே கேட் ரோட்டுக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டினார்கள்.

ஹெட் ஆபீசுக்கு எங்கள் மேனேஜர் எழுதியது வேறு: இதெல்லாம் பயிற்சியால் விளைந்த நன்மை. பரிசாக, வாரா வாரம் ஊழியர்களுக்கு அந்த வகுப்பை நான் எடுக்க வேண்டுமாம். அன்று என்னை வாய் மூட வைத்தது திருப்பதியில் படித்த பாடமா, வெறும் களைப்பா என்று எனக்கே தெரியாது. இதில் வகுப்பு வேறு. முதல் நாள், "வேலையில உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. பாய்லர் பார்ப்பவர் கொட்டாவி விட்டார். பதிலை நானே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.