ஆபரேஷன் ஆன பிறகும் ஆணுறை

கருத்தடை முறைகளுள் பெரும்பாலானவை எச்.ஐ.வி.யைத் தடுக்கா என்று எனக்கு முதலில் சொன்னவர் செவிலியர் ஸ்டெல்லா. ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற பின், ஓசூரில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதித் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளைதோறும் பெண்களுக்கு அதையே பாடமாக நடத்தினேன். கரும்பலகையைக் கண்டும் அடங்காத வகுப்பால் அல்லற்பட்ட ஆசிரியப் பெருமக்களே, என் துயரம் உங்களுக்குப் புரியும்.

முதல் தேர்வு

“மாத்திரை, காப்பர்-டி, கருத்தடை அறுவை: இவற்றுள் எது எச்.ஐ.வி.யைத் தடுக்கும்?” என்று வினவினேன். “எல்லாமே!” என்றது வகுப்பு. அனைவருக்கும் சுழியம் என அறிவித்தேன். அவை கருவை மட்டுமே தடுக்கும். இரண்டையும் தடுப்பது ஆணுறை என்று விளக்கினேன். கருத்தடை ஊசி தொற்று வாய்ப்பைக் கூட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தையல் பிரிவு மஞ்சுளா எழுந்தாள்: “டாக்டருங்களுக்கே இன்னும் விடை தெரியல. எங்களுக்கு மட்டும் முட்டையா டீச்சர்?”

தரச் சோதனை

அடுத்த வாரம் ஆளுக்கோர் ஆணுறைப் பாக்கெட் கொடுத்தேன். சோதனைப் பிரிவுச் செல்வி முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், ஓரங்களை நீவினாள். பழக்க தோஷத்தில், துணியில் அட்டை குத்தும் ‘டேக் கன்’னை எடுத்து நட்டநடுவில் ‘டக்’கென்று குத்திவிட்டாள். சட்டைக்கு அது தேர்ச்சி முத்திரை, ஆணுறைக்கோ ஓட்டை. “பாஸ் போட்டுட்டா! கப்பல்ல ஏத்துங்கடி!” என்று கூவினாள் மஞ்சுளா. கூடமே குலுங்கியது.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவர் முருகேசன், பர்கூரிலிருந்து கருங்கல் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். புறப்பட்டால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். சென்ற மாதம் ஏதோ நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், என்ன நோயென்று வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவள் கையை நீட்டினாள்: “வேற ஒண்ணு குடுங்க டீச்சர். எனக்கு நெசமாவே வேணும்.”

பிரேக்

பாக்கெட்டைக் கண்டதும் முருகேசன் குதித்தாராம்: “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணவளுக்கு இது எதுக்கு? யாருக்காக வாங்கின?” செல்வி அசரவில்லை. தான் சொன்ன பதிலை மறுநாள் வகுப்பில் நிறுத்தி நிதானமாக ஒப்பித்தாள்: “லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சுன்னு பிரேக்கைக் கழட்டி வெச்சிட்டு ஓட்டுவியா? ரத்தம் சோதிச்சிட்டு வா. அதுவரைக்கும் லாரிலயே படு!”

முடிவு

முருகேசன் சில நாள் லாரியிலேயே படுத்துப் பார்த்தார். கொசுக்கள் செல்வியின் கட்சியில் சேர்ந்துகொண்டன. இருவரும் அரசு மருத்துவமனையில் இரத்தச் சோதனை செய்துகொண்டனர். மூன்று மாதம் கழித்துச் செய்த மறுசோதனையிலும் தொற்று இல்லை என்று தெரிந்த மாலை, தொழிற்சாலை வாயிலில் செல்வி என் கையைப் பற்றிக்கொண்டு வெடித்து அழுதாள். பின்னால் நின்ற முருகேசன் தலையைச் சொறிந்தார்: “பாக்கெட்டு கொஞ்சம் சேத்துக் குடுங்க டீச்சரம்மா. எங்க லாரி ஷெட்டுல, பொண்டாட்டிங்க துரத்திவிட்டு, பாதிப் பேரு இப்ப லாரிலதான் படுத்திருக்கானுங்க!”

ஆண்களுக்குப் பாடம் நடத்த எனக்கு எவரும் அனுமதி தரவில்லை. நல்லவேளையாக, என் மாணவியர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.