இவளை அனுப்பிவிடச் சொன்னவர்கள்

போன வியாழக்கிழமை டவுனைப் போலீஸ் சுற்றிவளைத்து ரவுண்ட்அப். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் மகள் வசந்தியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புடவைக்கடையில் வேலை செய்கிற பிள்ளை. அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள்... இந்தக் காலத்தில் தமிழ்ப் பிள்ளையைப் பிடிக்க அது போதாதா?

எந்த டவுன் என்று கேட்காதீர்கள். மாத்தளைப் பக்கம் — அவ்வளவுதான்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினோம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழக்கம். ஸ்டேஷனோ ஆஸ்பத்திரியோ, பேசுவதற்கென்று ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போவோம். பொம்பளைகள் பின்னால் நிற்போம். எனக்கு முன்னால் நின்றாலும் வாய் வராது, அது வேறு. அன்றைக்குப் பேச வந்தவர் எங்கள் கோயில் உபதேசியார். ஃபாதர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்திப் பிரசங்கமும் வைக்கிறவர். வெள்ளைச் சட்டை, நல்ல சிங்களம்.

சார்ஜன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொந்த ஆட்களின் வேலையே முடியவில்லை, தோட்டத்து ஆட்களுக்கு ஏது நேரம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

உபதேசியார் என்ன செய்தார்? சரி சேர் என்றார். செல்லம்மா ஓங்கி அழுதாள். உடனே இவர் குனிந்து, "இவள அனுப்பிருங்க சேர், இல்லாட்டி கத்திக்கிட்டே கெடப்பா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போயே போய்விட்டார்.

வயசுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு எந்தத் தாய் திங்கட்கிழமைவரை வீட்டில் இருப்பாள்?

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போனாள். அரைகுறைச் சிங்களம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஒங்க ஆளுங்க வேலையெல்லாம் மொதல்ல முடிங்க மாத்தயா. நான் வேணாங்கல. முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் மிஞ்சும்ல... அதுல எம்புள்ளையப் பாருங்க. அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

இருந்தாள். நானும் இருந்தேன். பொழுது சாயும்போது சார்ஜன் அட்டையைக் கேட்டு வாங்கினார். இந்த அம்மாவோடு பேசி ஜெயிக்க முடியாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். வசந்தி வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தது எது தெரியுமா? கானானியப் பெண்ணின் கதை. பேய் பிடித்த மகளுக்காக ஆண்டவர் பின்னால் கத்திக்கொண்டு போனவள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று ஆண்டவரே கேட்டுவிடுகிறார். எப்போது படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். அவர் வாயிலா இந்த வார்த்தை? மேசையிலிருந்து விழுகிற துணுக்கு நாய்க்குட்டிக்குத்தானே என்கிறாள் அவள். மகள் சுகமாகிறாள்.

உபதேசியார் விளக்கினார் — தாழ்ச்சியாம். நாயென்று சொல்லியும் அடங்கிப்போன தாழ்ச்சியாம்.

அடங்கியா போனாள்? போகச் சொல்லியும் போகவில்லை. பதில் பேசினாள். செல்லம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், பைபிளைத் தொட்டதில்லை. அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. ஆண்டவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் பதில் பேசியவளை அவர் விரட்டவில்லை... மெச்சினார்.

ஜெபம் முடிந்ததும் வாசலில் உபதேசியாரை நிறுத்தினேன்.

"ஐயா, அந்தப் பொம்பளைய அனுப்பிருங்கன்னு ஆண்டவர்கிட்ட சொன்னது யாருங்க?"

"சீடருங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

இனி ஸ்டேஷனுக்கு நாங்களே போவோம். பேசத் தெரியாவிட்டால் என்ன — எழுந்து போகாமல் உட்காரத் தெரியும்.