பலகையில் விடுபட்ட பெயர்

கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. தாம்பரத்தில் எங்கள் வங்கி ஊழியர் பயிற்சி நிலையத்தின் கூடத்தில் அதை மாட்டிய காலையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. நாட்டின் மத்திய வங்கிக்கு ஆளுநராக இருந்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. எண்பதுகளின் கடைசி அது. அப்போதைய ஆளுநரே எங்கள் நிலையத்தைப் பார்க்க வருவதாக இருந்ததால்தான் அந்தப் பலகையே செய்தார்கள்.

மேடம் அப்போது பொறுப்பு முதல்வர். பழைய முதல்வர் ஓய்வு பெற்றதும் அவரைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வருகை நல்லபடியாக முடிந்தால் பதவி நிரந்தரமாகும் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். மேடத்துக்குத் தெரியாதா? இரண்டு வாரமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஊரப்பாக்கத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார். நூலகமும் தட்டச்சும் என் வேலை. பட்டியலை என்னிடம்தான் கேட்டார். "ஆண்டறிக்கைய ஒண்ணொண்ணா பாத்து எழுதும்மா. அவசரப்படாதே."

ஆண்டறிக்கைகள் பரணில் தூசியோடு கிடந்தன. எனக்கோ மகா சோம்பல். வகுப்பில் காட்டுவதற்காகப் பழைய ரூபாய் நோட்டுகளை ஒட்டிவைத்த ஆல்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நோட்டுக்கு நோட்டு அந்தந்தக் கால ஆளுநரின் கையெழுத்து இருக்குமே, பிறகென்ன? ஒரு மணி நேரத்தில் பட்டியலை அடித்து முடித்துவிட்டேன்.

"எல்லா ரிப்போர்ட்டும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மேடம்."

நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

வருகைக்கு முந்தின நாள் கண்காட்சி மேசைக்காக அறிக்கைகளை இறக்கிப் புரட்டியபோதுதான் என் தப்பைக் கண்டேன். இரண்டு ஆளுநர்களுக்கு நடுவே சில வாரங்கள் மட்டும் இன்னொருவர் இருந்திருக்கிறார். அவர் கையெழுத்திட்ட நோட்டு எதுவும் எங்கள் ஆல்பத்தில் இல்லை. பலகை எழுதிய மேற்குத் தாம்பரம் பெயின்டரிடம் ஓடினேன். "இன்னாமா, இப்ப வந்து சொல்ற? நடுவுல எடம் எங்க கீது? கீழ கீறத அல்லாத்தையும் அழிச்சிதான் எழுதணும். பெயின்ட் காய வேணாவா?" என்றார். அப்போதாவது மேடத்திடம் சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. யாரும் எண்ணிப் பார்க்கக் கூடாது என்று குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆளுநர் எண்ணிப் பார்த்தார். பலகை முன்னால் நின்று, ஒருவர் குறைகிறாரே என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். சில வாரம்தான் இருந்தார், ஆனாலும் இருந்தார் அல்லவா என்றார். கோபமே இல்லாத குரல். தலைமை அலுவலகத்துக்காரர்களின் முகம்தான் கறுத்தது. மேடம் என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "லிஸ்டைச் சரிபார்த்தது நான்தான் சார், தப்பு என்னுடையது" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ரயிலடியில் மேடம் கேட்டார்: "பாக்கலேன்னு சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனேம்மா?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து வேறொருவர் முதல்வராக வந்தார். மேடத்தை ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் முதல்வர் அறைக்கும் ஒரு பலகை செய்தார்கள், எங்கள் நிலையத்தின் முதல்வர்கள் பெயரோடு. பட்டியல் தட்டச்சுக்கு என்னிடம் வந்தது. ஓய்வு பெற்றவருக்கு அடுத்த வரியிலேயே தலைமை அலுவலகத்துக்காரர். நடுவில் யாருமே இல்லை. பரணில் ஏறிப் பழைய வருகைப் பதிவேடுகளை எல்லாம் இறக்கினேன். ஏழு வாரம், முதல்வர் கையெழுத்திடும் இடத்தில் தேதி வாரியாக மேடத்தின் கையெழுத்து இருந்தது. ஒரு வரி சேர்த்து அடித்துக்கொண்டு போனேன்.

"பொறுப்புல இருந்தவங்க பேரெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அப்போதைய முதல்வர்.

"ஏழு வாரம்தான் சார். ஆனா இருந்தாங்க." அந்தப் பழைய பட்டியலை நான் எப்படி அடித்தேன் என்பதையும் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதே பெயின்டர்தான் எழுதினார். "இந்த தபா கரெக்டா எண்ணிக்கினு வந்தியாமா?" என்று சிரித்தார்.

கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. அது இன்றும் அந்த அறையில் இருக்கிறது, நான்காவது வரியில் மேடத்தின் பெயரோடு. ஊரப்பாக்கம் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.